எஸ்எஸ்டி – சொல் விளக்கம் (அது சாவப்போவுதான்னு கண்டுபிடிக்கிற வழியும் சேத்து)

நாகர்கோவில்ல எந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில போய் நின்னாலும் “ஹார்டு டிஸ்க் போயிட்டுண்ணே”ங்கிற பேச்சு காதுல விழும், உள்ள கெடக்கது ஃபைலைச் சேமிச்சு வைக்கிற புதுவகை எஸ்எஸ்டியா இருந்தாலும் அதேதான் சொல்லுவாங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லுறதுதானேன்னு விட்டுரலாம், ஆனா இந்தப் பேர் மாறாட்டத்தால நோயையும் தப்பா பாக்கோம். ஹார்டு டிஸ்க் கெடும்போது டிக் டிக்குன்னு சத்தம் வரும், கரகரன்னு அரைக்கும், அதைக் கேட்டுப் பழகுன ஆளுவ எஸ்எஸ்டிலயும் சத்தம் வரும்னு காத்திருக்காங்க. வராது. சுத்துறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. அதனால பேர்ல இருந்தே ஆரம்பிப்போம்.

எஸ்எஸ்டின்னா சாலிட் ஸ்டேட் டிரைவ். சாலிட் ஸ்டேட்ங்கிறது கம்ப்யூட்டர்காரங்க கண்டுபிடிச்ச வார்த்தை இல்ல, அது ரேடியோ காலத்துச் சமாச்சாரம். தாத்தா காலத்துல சிலோன் ரேடியோ கேட்ட பெட்டியில எல்லாம் வால்வ் இருக்கும், சுவிட்சைப் போட்டா வால்வ் சூடேறின பொறவுதான் பாட்டு வரும், ஏன்னா கண்ணாடிக் குழாய்க்குள்ள காத்தே இல்லாத வெற்றிடத்துல எலக்ட்ரான் தாவிப் போவணும். 1947 டிசம்பர்ல அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துல டிரான்சிஸ்டர் வந்தது, அதுல வெற்றிடமும் வேண்டாம் குழாயும் வேண்டாம், எலக்ட்ரான் ஒரு திண்மமான படிகத்துக்குள்ளயே ஓடும். அப்பிடி திண்மத்துக்குள்ளயே வேலை நடக்குற கருவிக்கு சாலிட் ஸ்டேட்னு பேர் வந்துட்டு. அப்புறம் வந்த ரேடியோவுலயும் டிவியிலயும் “சாலிட் ஸ்டேட்”னு முகப்புலயே பெருமையா அச்சடிச்சு வித்தாங்க. ஆக “சாலிட்”னா கீழே போட்டாலும் உடையாதுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் அப்பிடித்தான் நினைச்சிட்டு இருக்காங்க.

டிரைவ்ங்கிறது வேற கதை. 1956ல, நம்ம ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு தமிழ்நாட்டோட சேந்த அதே வருஷம், ஐபிஎம் கம்பெனி ராமாக்னு ஒரு மெஷினை அறிவிச்சது. அதுல 24 அங்குல அகலத்துல 50 தட்டு, எல்லாத்தையும் மோட்டார் வச்சு சுத்தி, மொத்தமா சேமிக்க முடிஞ்சது சுமார் 50 லட்சம் எழுத்து, இன்னைக்கு போன்ல எடுக்குற ஒரு போட்டோ அளவு. தட்டைச் சுத்த வைக்கிற பொறிதான் டிரைவ். எஸ்எஸ்டியில தட்டும் இல்ல மோட்டாரும் இல்ல, பழைய எடத்துல புதுசா வந்து உக்காந்ததால பழைய பேரு ஒட்டிக்கிட்டு, அவ்வளவுதான்.

இப்போ தமிழ். ஹார்டு டிஸ்குக்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டுன்னு எழுதுறோம், மூணும் பொருத்தமான சொல்லுதான், ஏன்னா உள்ள வட்டு இருக்கு. எஸ்எஸ்டிக்கு “திடநிலை வட்டு”ன்னு எழுதுறதை மட்டும் என்னால ஒத்துக்கிட முடியல, இல்லாத வட்டை எங்க இருந்து கொண்டுவாறது? சாலிட் ஸ்டேட்டுக்கு திடநிலை, திண்மநிலைன்னு ரெண்டும் புழக்கத்துல உண்டு. திடம் வடமொழியில இருந்து வந்தது, திண்மம் “திண்”ணுங்கிற நம்ம வேர்ல இருந்து வந்தது, “திண்ணமா சொல்லுதேன்”னு சொல்லுறோமே அதே திண். டிரைவுக்கு இயக்ககம்னு எழுதுறது பழகிட்டு, அதனால திண்மநிலை இயக்ககம்னா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா என்னைக் கேட்டா திண்மநிலைச் சேமிப்பகம்தான் சரி, அது செய்யுற வேலை சேமிக்கிறது, எதையும் இயக்குறது இல்ல. கடையில போய் இப்பிடிக் கேக்காதீங்க, அங்க எஸ்எஸ்டிதான் செல்லும்.

எஸ்எஸ்டிக்கு உள்ள இருக்கது ஃப்ளாஷ் நினைவகம், கரண்ட் போனாலும் எழுதுனதை மறக்காத சிப்பு. ஜப்பான்ல டோஷிபாவுல வேலை பாத்த ஃபுஜியோ மாசுவோகா 1984ல இதை வெளியுலகத்துக்குச் சொன்னார், இன்னைக்கு எஸ்எஸ்டியில இருக்க நாண்ட் வகை 1987ல வந்தது. நொடியில மொத்தமா அழியுறது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருந்ததால அந்தப் பேர்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு செல்லுலயும், அதாவது சிப்புக்குள்ள இருக்க குட்டி அறையிலயும், கொஞ்சம் எலக்ட்ரானை அடைச்சு வச்சு, எவ்வளவு அடைச்சிருக்குன்னு அளந்து பாத்துதான் படிக்குது. டிஎல்சி வகையில ஒரு செல்லுல 3 பிட் (0 இல்லன்னா 1ங்கிற குறி), அப்போ 8 அளவைப் பிரிச்சு அறியணும், கியூஎல்சியில 4 பிட், 16 அளவு. ஒவ்வொரு தடவை அழிச்சு எழுதும்போதும் எலக்ட்ரானைத் தடுத்து வச்சிருக்க மெல்லிசுப் படலம் கொஞ்சம் கொஞ்சமா சேதமாவுது, அதனால அளவு கலங்கிப்போவுது. தேய்மானம்னு சொல்லுறது இதைத்தான். கண்ட்ரோலர் சிப்பு பிழையைத் திருத்தி, ரொம்ப மோசமான பிளாக்கை, அதாவது செல்லுக் கூட்டத்தை, ஒதுக்கி, உபரியா வச்சிருக்கதுல இருந்து ஒண்ணை அந்த எடத்துல வச்சு சமாளிச்சிட்டே இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது.

தெரியணும்னா ஸ்மார்ட் பாக்கணும். இதுவும் ஒரு சுருக்கப்பேருதான், தன்னைத்தானே கண்காணிச்சு, அலசி, அறிவிக்கிற நுட்பம்னு விரியும், தமிழ்ல தற்கண்காணிப்புன்னு சொன்னா போதும். விண்டோஸ்ல கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ்ல ஸ்மார்ட்மான்டூல்ஸ், ரெண்டுமே காசு வேண்டாம். திறந்ததும் கண்ணுல படுறது ஹெல்த் சதவீதம், எல்லாரும் அதை மட்டும் பாத்திட்டு மூடிருவாங்க. என்விஎம்இங்கிற வேகமான புதுவகை எஸ்எஸ்டியில அந்தச் சதவீதம் பெரும்பாலும் “பர்சன்டேஜ் யூஸ்டு”ங்கிற கணக்கைத் திருப்பிப் போட்டதுதான், கம்பெனி சொன்ன எழுத்து ஆயுசுல எவ்வளவு தீந்திருக்குன்னு காட்டும், அந்த யூஸ்டு கணக்கு 100ஐத் தாண்டியும் ஓடும், 100 ஆனதும் செத்துப்போவணும்னு சட்டம் இல்ல. அதே மாதிரி ஹெல்த் 98 காட்டுற எஸ்எஸ்டி நாளைக்குக் காலையில எந்திரிக்காமலும் போவலாம். நீங்க பாக்க வேண்டியது வேற ரெண்டு வரி. ஒண்ணு “அவைலபிள் ஸ்பேர்”, அதாவது மிச்சம் இருக்க உபரி, அது பக்கத்துல போட்டிருக்க வரம்பை நெருங்குனா வேற எஸ்எஸ்டிக்கு ஆர்டர் போட்டுருங்க. இன்னொண்ணு “மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்”, திருத்த முடியாமப்போன பிழை எண்ணிக்கை, இது 0தான் இருக்கணும், ஏறிட்டே போச்சுன்னா மேல ஹெல்த் எவ்வளவு நல்லா காட்டுனாலும் நம்பக்கூடாது.

“அன்சேஃப் ஷட்டவுன்ஸ்”னு ஒரு வரியும் உண்டு, நம்ம ஊர்ல இது பெருசா இருக்கதைப் பாத்து பயந்துராதீங்க. மழைக்கு ரப்பர் மரம் கம்பி மேல சாஞ்சா கரண்ட் போவும், 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்கு ஜில்லா முழுக்க போஸ்ட் விழுந்து நாள்கணக்கா இருட்டுல கெடந்தோமே, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்ல அந்த எண்ணு ஏறத்தான் செய்யும். அது நோய் இல்ல, ஆனா நோய்க்கு ஒரு காரணம்னு வச்சுக்கிடலாம், எழுதிட்டு இருக்கும்போது திடீர்னு கரண்ட் போனா எது எங்க இருக்குன்னு கண்ட்ரோலர் குறிச்சு வச்சிருக்க முகவரி அட்டவணை குழம்புறதுக்கு வாய்ப்பு உண்டு, மலிவு எஸ்எஸ்டியில அதைத் தாங்குற கெப்பாசிட்டரும் இருக்காது.

கொளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காத்து அடிக்கிற வீட்டு ஆளுவ இன்னொண்ணும் பாத்துக்கிடணும். கேபிள் வச்சு மாட்டுற சாட்டா வகையில, ஸ்மார்ட்ல சி7ன்னு ஒரு வரி, சிஆர்சி பிழை எண்ணிக்கை, அதாவது டேட்டா போற வழியில கெட்டுப்போன தடவை, அது கூடுனா பெரும்பாலும் கேபிளோ முனையோதான் கேடு, எஸ்எஸ்டி இல்ல. கேபிளை மாத்திட்டு எண்ணு மேல ஏறுதான்னு பாருங்க, பழைய எண்ணு அப்பிடியேதான் நிக்கும், குறையாது. கேபிள் போன கேஸுக்கு புது எஸ்எஸ்டி வாங்கவச்சா காசு வெறுதே போவும்.

வெறுமனே ஸ்லோ ஆனதும் எஸ்எஸ்டி சாவுதுன்னு முடிவு பண்ணாண்டாம், முக்காவாசிக்கு மேல நிறைச்சு வச்சாலே எழுதுற வேகம் இறங்கும். ப்ளூ ஸ்கிரீனுக்கு ரேமும் காரணமா இருக்கும். ஆனா ஒரு ஃபைலைத் திறந்தா மட்டும் மெஷின் முழுசா உறைஞ்சு நிக்குது, காப்பி பாதியில எரர் அடிக்குது, மெஷின் ஆன் ஆகும்போது வாற பயாஸ் திரையில ஒரு நாள் தெரியுது மறுநாள் தெரியல, எழுத விடாம படிக்க மட்டும் விடுது, இதெல்லாம் நெசமான அறிகுறி. சிலது எந்த அறிகுறியும் காட்டாம ஒரேயடியா போவும். 2019 நவம்பர்ல ஹெச்பிஇ கம்பெனியே தன்னோட சில சர்வர் எஸ்எஸ்டி பத்தி ஒரு அறிவிப்பு விட்டது, ஃபர்ம்வேர், அதாவது எஸ்எஸ்டிக்குள்ளயே ஓடுற புரோகிராம், அதுல இருந்த பிழையால சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் அடங்கிரும், அப்டேட் போடுங்கன்னு. செல்லு ஒண்ணும் தேயல, கணக்கு வைக்கிற எண்ணுதான் நிறைஞ்சு போச்சு. ஹெல்த் சதவீதம் இதையெல்லாம் எங்க காட்டப்போவுது.

அறிகுறி கண்டா முதல்ல முக்கியமான ஃபைலை வெளிய எடுங்க, சோதனை எல்லாம் பொறவு. ஃபைலை அடுக்கி வைக்கிற டீஃப்ராக் போடாதீங்க, பிழை திருத்துற செக்டிஸ்க் ரிப்பேர் ஓட்டாதீங்க, அது எழுத ஆரம்பிச்சா இருக்கதும் போவும். அழிச்ச ஃபைலோட எடத்தைக் காலி பண்ணச் சொல்லுற ட்ரிம் ஓடுற எஸ்எஸ்டியில அழிஞ்ச ஃபைலை மீட்குறது ஹார்டு டிஸ்க் அளவுக்கு லேசு இல்ல, பெரும்பாலும் கிடைக்காது.

கடைசியா, கல்ஃபுக்குப் போறவங்க வீட்டு அலமாரியில பூட்டி வச்சிட்டுப் போற பழைய லேப்டாப் பத்தி. எழுத்து ஆயுசு முழுக்கத் தீந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாம 30 டிகிரி சூட்டுல ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கணும்னுதான் சிப்புக்கு தரம் வகுக்குற ஜெடெக் அமைப்போட தரநிர்ணயம் கேக்குது. தேயாத எஸ்எஸ்டி அதைவிட ரொம்ப நாள் தாங்கும், ஆனா தேஞ்சது ஏதுன்னு ஸ்மார்ட் பாக்காம தெரியாது. கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன் எல்லாம் அதுல மட்டும்தான் இருக்குன்னா பிளைட் ஏறுறதுக்கு முந்தி ஒரு வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி போட்டு அம்மைகிட்ட குடுத்திட்டுப் போங்க. அது வட்டுதான், சத்தமும் போடும்.