பட்டம் இருந்தும் வேலை கிடைக்காதது ஏன்? மறுவாழ்வு முகாம் பிள்ளைகளோடு பணிசெய்வோர் கவனத்துக்கு

1983இல் தொடங்கி அலை அலையாக வந்த ஈழத்தமிழர்களும் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 58,000 பேர், தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 7,469 புதிய வீடுகளுக்கான அறிவிப்பும் உதவித்தொகை உயர்வும் அதே ஆண்டில் வந்தன. பிள்ளைகளும் படிக்கிறார்கள், கல்லூரி போகிறார்கள். ஆனால் பொறியியல் முடித்தவர் பெயின்டிங் வேலைக்குக் கிளம்புவதை எந்த முகாமிலும் காணலாம். பெரும்பாலும் திறமையில் குறை இருப்பதில்லை. சிக்கல் தாள்களில் இருக்கிறது. அது பிறந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வரை அலையவேண்டும். இந்தியப் பிறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்தது என்று பெற்றோர் நினைப்பதுதான் அடுத்த தவறு. இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதியவேண்டும். அதற்கு ஓராண்டுதான் கெடு. கடந்தால் நடைமுறை நீளும். இதைச் செய்யாத பிள்ளைக்கு இங்கும் குடியுரிமை இல்லை, அங்கும் இல்லை.

இங்கே ஏன் இல்லை? 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தரும்படி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இதன்படிதான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டது. அண்டை நாடுகள் சிலவற்றின் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ஆகவே முகாமில் யாரைச் சந்தித்தாலும் முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்து, தன் உரிமையே தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் 'நாட்டினம்' என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 'இந்தியர்' என்று எழுதிவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழில் இந்தியர், முகாம் அடையாள அட்டையில் இலங்கையர் என்றிருந்தால், வேலைக்குச் சேரும்போது நிறுவனம் இரண்டையும் ஒப்பிட்டு, மோசடியோ என்று சந்தேகப்படும். பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் 'தர்சினி', பள்ளியில் 'தர்ஷினி'. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியிருக்கும். இலங்கை ஆவணத்தில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், இங்கே முதலெழுத்து மட்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத்துறைக்குப் போகுமுன், பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, ஆதார் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அப்போது ஒரு பிற்பகலில் முடியும் வேலை, மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு வழிகாட்டலில் மறைக்காமல் பேசவேண்டும். சட்டம் படிக்கலாம், ஆனால் 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு குடியுரிமை கேட்பதால், பட்டம் வாங்கியும் வழக்கறிஞராகப் பதிவு செய்வது கடினம். அரசுப் பணியும் பெரும்பாலோருக்கு எட்டாது. கணக்கியல், மென்பொருள், வடிவமைப்பு, ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற, தனியார் துறை நேரடியாக ஆள் எடுக்கும் படிப்புகளையும் முன்வையுங்கள். ஆசையைக் கிள்ளிவிடச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் முன் முழு விவரம் பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை.

வேலை தருவோர் கவனிக்கவேண்டியது முகாம் தணிக்கை நாள், அதாவது முகாமில் இருப்போரை அதிகாரிகள் சரிபார்க்கும் நாள். அன்று ஆள் நேரில் இருக்கவேண்டும். இல்லையென்றால் உதவித்தொகையும் பதிவும் சிக்கலாகும். வெளியூரில் வேலை கிடைத்தவர் சில மாதங்களிலேயே திரும்பிவிடுவதற்கு இது பெரிய காரணம். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, சம்பளப் பிடித்தம் இல்லாத விடுப்பாகப் பணி ஆணையிலேயே எழுதிக்கொடுங்கள்.

ஆய்வாளர்களுக்கும் சொல்லவேண்டியது நிறைய. மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் அனுமதி இல்லாமல் முகாமுக்குள் போகாதீர்கள். பிறகு விசாரணைக்கு ஆளாவது உங்களோடு பேசியவர்தான். பழைய வீடுகள் பத்துக்குப் பத்து அடி, நடுவே மெல்லிய சுவர். அங்கே உட்கார்ந்து அந்தரங்கமான கேள்வி கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். படகில் எப்படி வந்தார்கள் என்ற விவரம் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம். முகாம் பெயர், தொழில், வயது மூன்றையும் சேர்த்து எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். முகாமின் பட்டதாரி இளைஞரை ஊதியம் பெறும் சக ஆய்வாளராகச் சேருங்கள். கேள்வித்தாளை அவர் திருத்தட்டும். முடிவுகளை ஒரு பக்கத் தமிழில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன்பே முகாமில் படித்துக்காட்டி, அவர்கள் மறுப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓவியம், நாடகப் பயிலரங்குகள் நல்லவைதான். ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளையிடம் போரை வரையச் சொல்வது முறையல்ல. என்ன வரைவது என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும். படம் விற்றாலோ அச்சில் வந்தாலோ பணம் வரைந்தவருக்குப் போகட்டும். முகம் தெரியும் புகைப்படத்துக்குப் பெற்றோரிடம் தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.