பிள்ளையைப் பார்க்க நர்சம்மா வீட்டுக்கு வரவேண்டிய நாள்கள்

போன ஐப்பசி மழையில் தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பீடி சுற்றும் பெண், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். மடியில் பீடித்தட்டு. கால் பெருவிரலில் சேலைத் தொட்டிலின் கயிறு. இலையை வெட்டிக்கொண்டே காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு 38 நாள். பிறக்கும்போது 2 கிலோ 100 கிராம். தாய்-சேய் அட்டையை வாங்கிப் புரட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்ததைக் குறிக்கும் இடம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

“நர்சம்மா யாரும் வரலியாம்மா?”

“எங்க மாமியார் ஊரு நர்சம்மாட்ட போன் பண்ணுனேன்க்கா. நீ இப்ப எங்க ஏரியாவுல இல்லயேன்னுட்டாங்க. இங்க உள்ளவங்கள்ட்ட கேட்டா, ஒன் பேரு அங்கதான இருக்கு, அங்க கேளுங்காங்க.”

இந்தப் பதிலை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டதிட்டம் சுருக்கமாக. தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் 2011 முதல் பச்சிளங்குழந்தைகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வரவேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு 3ஆம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிடும். 7ஆம் நாளிலிருந்து எண்ணுங்கள். 2018இல் இதன் தொடர்ச்சியாக 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களுக்கும் வருகை சேர்க்கப்பட்டது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் இந்த வேலையை ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் செய்கிறார்கள். நம் மாநிலத்தில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதி மாதிரி இடங்களில்தான். அதனால் “ஆஷா யாரு?” என்று விசாரித்து அலைய வேண்டாம். உங்களுக்குப் பொறுப்பு துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் நர்சம்மா. கூடவே அங்கன்வாடி டீச்சர்.

இதற்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவும் வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரியில் பெற்ற பிள்ளைக்கும் உண்டு. “நீங்க பிரைவேட்ல பாத்தவங்கதானே” என்று யாராவது சொன்னால் அது தவறு. கடன் வாங்கித் தனியாரில் பெற்றுவிட்டு, அதனாலேயே அரசு சேவை தனக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கூலிவேலைக் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய.

இனி, ஆள் எங்கே விடுபட்டுப்போகிறார் என்று பார்ப்போம். முதல் இடம் அம்மா வீடுதான். கர்ப்பம் பதிந்தது நாங்குநேரிப் பக்கம் மாமியார் ஊரில். பேறுகாலத்துக்கு வந்தது அம்பை பக்கம் அம்மா வீட்டில். பிள்ளைக்கு ஆபத்து அதிகமான முதல் 42 நாளும் இங்கேதான் கழிகிறது. ஆனால் பெயர் அங்கே. பிள்ளை எந்த ஊரில் படுத்திருக்கிறதோ அந்த ஊர் நர்சம்மாதான் பார்க்க வேண்டும். இதை நடத்திக்காட்ட ஒரே வழி, ஏழாம் எட்டாம் மாதம் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதே இரண்டு நர்சம்மாக்களிடமும் சொல்லிவிடுவது. அட்டையில் இருக்கும் பிக்மி நம்பரை (கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் 12 இலக்கப் பதிவு எண்) அம்மா வீட்டு ஊர் நர்சம்மாவிடம் கொடுத்து, “என்னை உங்க நோட்டுல ஏத்திக்கோங்க” என்று கேளுங்கள். பிரசவம் ஆன அன்றே வீட்டு ஆம்பிளைகள் யாராவது போனில் தகவல் சொல்லட்டும். அந்தச் செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, காலிப் பணியிடம். “எங்க ஊருக்கு நர்சே இல்லை” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆள் இல்லாத இடத்துக்குப் பக்கத்து நிலையத்து நர்சம்மாவிடம் கூடுதல் பொறுப்பு கொடுத்திருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் “எங்க ஊருக்குப் பொறுப்பு யாரு, அவங்க நம்பர் என்ன” என்று மட்டும் கேளுங்கள். “நர்ஸ் ஏன் வரல” என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நர்சம்மா மேல் கோபப்படுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப்படி ஒரு நிலையத்துக்கு 5,000 பேர். அதோடு பக்கத்து ஊரும் சேர்ந்தால், கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டிய பதிவுகளும் சேர்ந்தால், வீடு வீடாக நடக்க நேரம் எங்கே இருக்கும்? பணியிடத்தை நிரப்பாதவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவரிடம் கேட்டுப் பயன் இல்லை.

மூன்றாவது, புதன்கிழமை. தடுப்பூசி நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்துவிடுவோம். அப்போதே “வீட்டு விசிட்” என்று குறித்துவிடுவதும் நடக்கிறது. ஊசி போடுவது வேறு, வீட்டுக்கு வந்து பார்ப்பது வேறு. வீட்டுக்கு வந்தால்தான் பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறீர்கள், பாலை எப்படிக் கொடுக்கிறீர்கள், கொப்பூழில் எதைத் தடவியிருக்கிறார்கள் என்று தெரியும். எடை, உடம்புச் சூடு, மூச்சு, கொப்பூழ், தாய்க்கு உதிரப்போக்கு எல்லாம் பார்க்கவேண்டும். வராத விசிட்டுக்கு யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். “சும்மா போடும்மா” என்றாலும் வேண்டாம். பிறகு நீங்கள் எழுதும் எந்த மனுவையும் அந்த ஒரு கையெழுத்து அடித்துவிடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இதனோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. அது தனித் திட்டம்: மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அதற்கு ஏழைக் குடும்பமாக இருக்கவேண்டும், வயது 19 நிறைந்திருக்கவேண்டும், முதல் இரண்டு பிரசவம் என்ற நிபந்தனைகள் உண்டு. அந்தப் பணம் கிடைக்காதவருக்கும் வீட்டு வருகை உண்டு. “ஒனக்குத்தான் பணம் கிடையாதே” என்று இரண்டையும் ஒன்றாக மறுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வரவேண்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிள்ளை பிறந்த பிறகு வரும் தவணைகள் தடுப்பூசியோடு கட்டப்பட்டவை. ஊசி அட்டையில் இருந்தால் போதாது, பதிவிலும் ஏறியிருக்கவேண்டும். தனியாரில் போட்டிருந்தால் அந்தச் சீட்டை நர்சம்மாவிடம் காட்டி ஏற்றச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் ஆனதும் அங்கன்வாடி. மூன்று வயது வரை சத்துமாவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால், தாயின் ஆதாரே போதும் என்று சொல்லுங்கள்; அதுதான் விதி. செங்கல் சூளைக்கோ வேறு வேலைக்கோ வந்து தங்கியிருந்தாலும், இருக்கிற ஊர் அங்கன்வாடியில் பெயரை ஏற்றுங்கள். மாவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து காது, கண், இதயம், உதடு, கால் எல்லாம் பார்க்கும். குறை இருந்தால் இலவச சிகிச்சைக்கு அனுப்பும். அங்கன்வாடியில் பெயர் இல்லாத பிள்ளை அவர்கள் கண்ணில் படாமலே போய்விடலாம். மூன்று வயதில் தனியார் எல்.கே.ஜி.யில் போட்டுவிட்ட பிள்ளைகளும் இப்படித்தான் தவறிப்போகிறார்கள்.

ஒன்றை மட்டும் எந்த வருகைக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், வெட்டு (வலிப்பு) வந்தால், உடம்பு சில்லென்றோ நெருப்பாகவோ இருந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், கொப்பூழில் சீழ் கண்டால் உடனே 108. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வயது வரை பிள்ளைக்கு மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். வெளியே வாங்கி வரச் சொன்னால் சீட்டை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பீடி சுற்றும் பெண்ணின் கதையில் என்ன ஆயிற்று என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். 41ஆம் நாள் நர்சம்மா வந்தார். உத்தரத்துக் கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, அதில் துணியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டார். முள் 2 கிலோ 600இல் நின்றது. “இன்னும் ஏறியிருக்கணுமே” என்று சொல்லிவிட்டு, பீடித்தட்டை ஓரமாக வைக்கச் சொல்லிப் பிள்ளையை எடுத்து எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டினார். அரைமணி நேர வேலை. அது ஏழாம் நாளே நடந்திருக்கலாம்.

எழுதிக் கொடுக்கும்போது நீளமாக எழுதாதீர்கள். தாயின் பெயர், பிக்மி நம்பர், பிள்ளை பிறந்த தேதி, இப்போது இருக்கும் முகவரி, எந்தெந்தத் தேதியில் யாரும் வரவில்லை. அவ்வளவு போதும். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். ஒரு வாரத்தில் நடக்காவிட்டால் வட்டார மருத்துவ அலுவலர். அரசின் சுகாதார உதவி எண் 104க்கும் போன் பண்ணலாம். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் போய் அந்த வரிசையில் நிற்கவேண்டாம். வீட்டில் வேறு யாராவது போகட்டும், அட்டையின் நகல் கையில் இருக்கட்டும். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.