கொல்லியா, குறைவா?

போன டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று மதுரை தமிழ்ச் சங்கம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து போனது. ‘உயிர்க்கொல்லி நோயாம் எய்ட்ஸை ஒழிப்போம்!’ பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அக்கா, பேரனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ஆட்டோவே கடித்துவிடும் போல. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் தமிழுக்குச் சங்கம் வைத்த ஊர். அங்கேயே இந்தச் சொல்லை எத்தனை வருஷம்தான் கேட்பது?

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எய்ட்ஸ் என்பது 1982-ல் அமெரிக்காவில் வைத்த பெயர், நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. பிறவிக் கோளாறாக இல்லாமல் பிற்பாடு வந்த, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்த, பல அறிகுறிகள் கூடி நிற்கும் நிலை. அவ்வளவுதான். அதற்குக் காரணமான வைரஸைப் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தார் 1983-ல் கண்டார்கள். எச்.ஐ.வி. என்ற பெயர் 1986-ல் நிலைத்தது. அதே வருஷம்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது. எய்ட்ஸின் அந்த நாலு சொல்லில் எதிலாவது கொலை இருக்கிறதா? இல்லை.

பிறகு ‘கொல்லி’ எங்கிருந்து வந்தது? அந்தச் சொல் கொல்கிற பொருளுக்கோ விலங்குக்கோ உரியது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, ஆட்கொல்லிப் புலி. எச்.ஐ.வி. நேராக யாரையும் கொல்வதில்லை. ரத்தத்தில் நோயை எதிர்க்கிற சிடி4 அணுக்களை வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டே போகிறது. அந்த எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கினாலோ, எதிர்ப்பு குறைந்ததைக் காட்டும் சில நோய்கள் ஏறிக்கொண்டாலோதான் அதற்கு எய்ட்ஸ் என்று பேர். அப்போதும் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காசநோய் மாதிரி வேறொன்று. இன்றைக்குக் கூட்டு மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிடுகிறவர் பேரப்பிள்ளை பார்க்கலாம். வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து ‘உயிர்க்கொல்லி நோயாளி’ என்றால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியில் கிருமியை அழிக்கிற மாத்திரைக்கு ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று பேர். மருந்தும் கொல்லி, நோயும் கொல்லி. நல்ல கூத்து.

தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஏமக்குறைவு நோய்’. ஏமம் என்றால் காவல். நியாயமாகச் சொன்னால் இது அழகான ஆக்கம், மூலப்பொருளுக்கும் நெருக்கம். வேடிக்கை என்னவென்றால் இந்த ஏமமும் அந்தக் கொல்லியும் ஒரே குறளில் எதிரெதிராக நிற்கின்றன: ‘சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்.’ சேர்ந்தாரைக் கொல்லி என்றால் நெருப்பு. ஏமப் புணை என்றால் காவலான தெப்பம், நம்மைக் கரைசேர்க்கும் சொந்தபந்தம். ஒலிபெருக்கிக்காரர் எய்ட்ஸை ‘சேர்ந்தாரைக் கொல்லி’ ஆக்கிவிட்டார். கேட்டவர்கள் முதலில் எரிப்பது அந்தப் புணையைத்தான். தட்டைத் தனியாக வைக்கிறார்கள், பாயைத் திண்ணையில் போடுகிறார்கள்.

சரி, அப்படியானால் ஏமக்குறைவையே எடுத்துக்கொள்ளலாமே? வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசைப் பெரியவர், ‘ஏமாந்தவனுக்கு வர்ற சீக்கா, தம்பி?’ என்றார். இன்றைய காதில் ஏமம் இல்லை, ஏமாற்றம்தான் இருக்கிறது. சொல்லை விளக்க அகராதி, அப்புறம் நோயை விளக்க இன்னொரு கூட்டம் என்றால் யாரால் ஆகும்?

என் கட்சி ‘எதிர்ப்புக்குறைவு’. இலக்கணக்காரர் முகம் சுளிக்கலாம். ஆனால் 2020-ல் கபசுரக் குடிநீர் குடிக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை, எதிர்ப்புச் சக்தி என்று சொல்லாத வாயும் இல்லை. சொல் ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது. எய்ட்ஸ் என்ற பெயர் பெயராகவே இருக்கட்டும், பொருள் கேட்டால் எதிர்ப்புக்குறைவு என்போம். வைரஸ் மட்டும் உள்ளவரை ‘எச்.ஐ.வி. உள்ளவர்’ என்போம், எய்ட்ஸ் நோயாளி என்று வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால் சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டார்களே, அதிலேயே இந்தக் குழப்பம் உண்டு. வருவது எச்.ஐ.வி. மருந்து எடுக்காமல் விட்டால், பெரும்பாலும் பல வருஷம் கழித்துத்தான் எய்ட்ஸ்.

‘தொற்று’ பற்றியும் ஒரு வார்த்தை. பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொள்வது போல ஏறிக்கொள்வது தொற்று. எங்கள் பக்கம் ஒட்டுவாரொட்டி என்று தனியாக ஒரு சொல் உண்டு, ஒட்டியவரை ஒட்டுவது. சொறி சிரங்குக்குப் பொருந்தும். எச்.ஐ.வி. தொற்று, ஆனால் ஒட்டுவாரொட்டி இல்லை. ஆணுறையில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, சோதிக்காத ரத்தம், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு. இவ்வளவுதான் வழி. தாய் மருந்து எடுத்தால் கடைசி வழியையும் பெருமளவு அடைத்துவிடலாம். கைகுலுக்கல், ஒரே தட்டு, கொசுக்கடி எதிலும் வராது. மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் ‘தொற்றுநோய்’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள்.

அவர்களைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தொற்று ஏறியும் சோதனையில் தெரியாத சில வாரங்களுக்கு ‘சாளரக் காலம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுச் சாளரம்? ‘சோதனைக்குச் சிக்காத காலம்’ என்றால் கை வலிக்குமா? எதிர்ப்பு குறைந்ததும் ஏறுகிற நோய்களுக்கு ‘சந்தர்ப்பவாதத் தொற்று’. கட்சி மாறுகிறவரைச் சொல்வது போல இருக்கிறது. ஒரே ஆறுதல், அரசு ஆஸ்பத்திரிச் சோதனை மையத்துக்கு வைத்த ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயர். மூலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. உள்ளே நுழையத் தயங்குகிறவரை நினைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் எங்கள் தெரு இளைஞர்கள் பேனர் வாசகத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். உயிர்க்கொல்லியை அடித்துவிட்டு எதிர்ப்புக்குறைவு என்று எழுதிக் கொடுத்தேன். பிளக்ஸ் கடைத் தம்பி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘நீளமா வருதுண்ணே. பழசுன்னா பக்கத்துல ஒரு மண்டை ஓடும் போடலாம்.’