வெளியூர் நாட்களும் வீட்டு நாட்களும்: ஓய்வு பெற்ற தம்பதியருக்கு ஒரு மருத்துவக் கணக்கு

கோடை விடுமுறை, ஆடிப்பெருக்கு, புரட்டாசி முடிந்த வாரங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிளினிக்குகளுக்குக் கால் வீங்கிய பெரியவர்கள் நிறைய வருவார்கள். பெரும்பாலும் தம்பதியராகவே வருவார்கள். "வருஷத்துல எத்தனை நாள் வெளியூர் போகலாம், டாக்டர்?" என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்பது. எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இதற்குக் கிடையாது. இருவரில் உடல் தளர்ந்தவர் யாரோ, அவரால் எவ்வளவு முடியுமோ அதுதான் இருவருக்குமான அளவு.

முதலில் நாட்களைச் சரியாக எண்ணுங்கள். ஆறு நாள் கோயில் சுற்றுலா என்றால், புறப்படும் முன் ஒரு நாள் அலைச்சல்; திரும்பியபின் தூக்கமும் சர்க்கரையும் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள். ஆக, ஒன்பது பத்து நாள். மாதம் இருமுறை இப்படிப் போனால் உடல் எப்போது தேறும்? சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இரண்டு நீண்ட பயணங்களுக்கு நடுவே ஆறு வாரமாவது வீட்டில் இருப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனை, கண் பரிசோதனை தேதிகளை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்ச இடத்தில் பயணத்தை வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பெங்களூரு மகன் வீட்டில் ஒரு மாதம் இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஐயாவுக்கு அது ஓய்வாக இருக்கலாம். அம்மா அங்கேயும் விடியற்காலையில் எழுந்து பேரனுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறார். அவருக்கு அது வேலை நாள். அங்கிருந்து நேராக அடுத்த சுற்றுலாவுக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள்.

வீட்டு நாட்கள் டிவி முன் உட்காரும் நாட்களாகிவிட்டால், அடுத்த பயணம் தாங்காது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை வேண்டும். கால் வலுவை நீங்களே பார்க்க ஒரு வழி: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11க்குக் கீழே போனால் தொடை வலு குறைவு. விழும் வாய்ப்பு அதிகம். நம் மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் குடித்து, முதுகும் மூட்டும் விறைத்துப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு இரவு முழுக்க சீட்டில் உட்கார்ந்து போகும் பஸ் வேண்டாம். படுத்துப் போகும் ரயிலே நல்லது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு; டிக்கெட் எடுக்கும்போது அதைத் தேர்வு செய்யுங்கள்.

கேதார்நாத் போக விரும்புவோர் அதற்கு முன் தீர்த்தமலைப் படிகளை ஏறிப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உடனே உட்காருங்கள்; இதயப் பரிசோதனை முடியாமல் டிக்கெட் போடாதீர்கள். சிரமமில்லாமல் ஏறிவிட்டாலும் அது பாதி விடைதான். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே, ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் என மலை நோய் வரலாம். ஹெலிகாப்டர் நடையை மிச்சப்படுத்தும். ஆனால் சில நிமிடத்தில் உயரத்தில் இறக்கிவிடுவதால் உடல் பழக நேரமே தராது.

பயணத்தில் நடக்கும் பெரிய தவறு, உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் சிறுநீர் மாத்திரையை நிறுத்துவது. பஸ்ஸில் கழிப்பறை இல்லையே என்று மூன்று நாள் விடுவார்கள். நான்காம் நாள் கால் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. பெண்கள் இதே காரணத்துக்காகத் தண்ணீரைக் குறைத்து, சிறுநீர்த் தொற்றோடு திரும்புகிறார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் தரிசன வரிசையில் நிற்பது இன்னும் ஆபத்து. மயங்கி விழுந்தபின்தான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். ஐந்து நாள் மாத்திரை கூடுதலாக எடுத்து, இருவர் பையிலும் பிரித்து வையுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடங்கள். முடியாதபோது குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி இருபது முறை தூக்குங்கள். திரும்பியபின் இரண்டு காலும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் உயரத்தில் வைத்துப் படுத்தாலே ஓரிரு நாளில் வற்றும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் காலை எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. ஒகேனக்கலில் ஒரு மசாஜ் செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.