வைஃபை வரவில்லை என்றால் டிஸ்ட்ரோவை மாற்ற வேண்டுமா?

"லினக்ஸ் போட்டேன், எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. வேறு டிஸ்ட்ரோ போட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டிஸ்ட்ரோ என்றால் டெபியன் போல லினக்ஸைத் தொகுத்துத் தரும் ஒரு வடிவம்; அதை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

கணினி கிளம்பும்போது லினக்ஸின் மையக்கருவான கெர்னல், போர்டோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு பிசிஐ கார்டிடமும் இரண்டு எண்களை வாங்கிக்கொள்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண். இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த அவர்களுடைய பிராசஸரின் பெயரேதான்! ஏஎக்ஸ்200 வைஃபை கார்டின் சாதன எண் 2723.

இனிமேல் நடப்பதுதான் அழகு. இந்த எண்களையும் கார்டின் வகைக் குறியீட்டையும் கோத்து, கெர்னல் ஒற்றை வரியாக்கி சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யுடெவ் என்ற நிரலுக்குச் சொல்கிறது. அந்தப் பக்கம், சாதனத்தை இயக்கும் நிரலான ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைத் தன்னுள்ளேயே சுமந்திருக்கிறது. அந்தப் பட்டியல்கள் எல்லாம் முன்கூட்டியே திரட்டப்பட்டு 'மாட்யூல்ஸ்.அலையஸ்' என்ற ஒரே கோப்பில் காத்திருக்கின்றன. '8086, 2723, மற்றவை எதுவானாலும் சரி' என்று நட்சத்திரக் குறிகளோடு அதில் ஒரு வரி. வரியின் கடைசியில் 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்று டிரைவரின் பெயர். இரண்டு வரிகளும் பொருந்தினால் டிரைவர் ஏறிவிடும். வேகத்துக்காக பைனரி நகல் ஒன்று உண்டு என்றாலும், மூலக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எனக்கு லினக்ஸ் பிடித்துப்போனதற்கு இந்தத் திறந்த மனமே காரணம்.

சரி, கோளாறுக்கு வருவோம். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' (lspci -nnk) என்ற கட்டளையைக் கொடுங்கள். கார்டின் எண்ணே இல்லையென்றால் கார்டு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது கணினி கிளம்பும் முன் வரும் பயாஸ் அமைப்புகளில் அணைந்திருக்கிறது. எண் இருந்து டிரைவர் இல்லையென்றால் பெரும்பாலும் கெர்னல் பழையது. ஏஎக்ஸ்200-க்கு ஆதரவு வந்தது கெர்னல் 5.1-இல், டெபியன் 10-இல் இருந்ததோ 4.19. டிஸ்ட்ரோ மாற்றினால் சரியாகிறது என்ற மூடநம்பிக்கை பிறப்பது இங்கேதான்: குணமாக்கியது புதிய கெர்னல், பெயர் தட்டிக்கொண்டு போவது டிஸ்ட்ரோ.

டிரைவர் இருந்தும் வேலை செய்யவில்லையா? கெர்னலின் 'டிமெஸ்ஜி' (dmesg) பதிவைப் பாருங்கள், கார்டுக்குள் ஏற்றவேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கும். கட்டற்றதல்லாத, அதாவது யாரும் திறந்து மாற்ற உரிமையில்லாத ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்க்க டெபியன் 2022-இல் வாக்கெடுத்து முடிவுசெய்தது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் அது இருக்கிறது. கொள்கைப்பிடிப்பு உள்ளவர்களுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் வைஃபையே வராத கணினியில் ஃபர்ம்வேரை எப்படித் தரவிறக்குவது? என் ஓட்டு டெபியனுக்கே.

புதிதாக வாங்குகிறவர்கள் ஏஎக்ஸ்200-ஐயே கேளுங்கள். ஏஎக்ஸ்201 பார்க்க அதே மாதிரி இருக்கும்; ஆனால் அதன் வேலையில் பாதி, போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்டுக்குள் நடப்பதால் ஏஎம்டி போர்டில் ஓடவே ஓடாது.