லுவாவில் ‘லோக்கல்’ எழுத மறந்த கதை

லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய விளையாட்டுச் செயலி ஒன்றில் ஆடுபவரின் புள்ளிகள் திடீர் திடீரெனப் பூஜ்யமாகிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் தேடினோம். குற்றவாளி, ஒலியைக் கவனிக்கும் வேறொரு கோப்பு. அதை எழுதியவர் ‘மொத்தம்’ என்ற மாறிக்கு (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) முன்னால், அதை அந்த இடத்துக்குள்ளேயே அடக்கி வைக்கும் ‘லோக்கல்’ என்ற சொல்லைப் போடவில்லை. லுவாவில் அப்படி விட்டால் அந்த மாறி நிரல் முழுவதற்கும் பொதுச் சொத்து. அவரை மட்டும் எப்படித் திட்டுவது? என் கோப்பிலும் அதே பெயர், அதே மறதி.

1993இல் பிரேசிலின் ரியோ டி ஜனீரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூவர் சேர்ந்து உருவாக்கிய மொழி இது. போர்ச்சுகீசில் லுவா என்றால் நிலா. அதற்கு முன் அவர்கள் வைத்திருந்த மொழிக்குப் பெயர் சோல், அதாவது சூரியன். நிரலை ஓட்டும் முழு இயக்கியும் ஏறத்தாழ 300 கிலோபைட்தான். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதைவிடப் பெரியது. சி மொழியில் எழுதிய பெரிய மென்பொருளுக்குள் குடியேறுவதற்கென்றே பிறந்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம், நியோவிம் என்ற உரைத்திருத்தி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது.

இவ்வளவு சிறியதாக இருக்க முடிவதற்கு முக்கியக் காரணம் டேபிள், அதாவது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பெயர் அல்லது எண்ணோடு இணைத்து வைக்கும் அமைப்பு. பட்டியல், அகராதி, பொருள், தொகுதி எதுவானாலும் இந்த ஒரே அமைப்பை வைத்துத்தான் கட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. ஆனால் பட்டியலின் இட எண்கள் 1இலிருந்து தொடங்கும். நடுவில் ஓர் இடம் ‘நில்’ (மதிப்பே இல்லை) ஆகிவிட்டால் நீளத்தைக் கேட்டு வரும் விடையை நம்பாதீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்து வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று: இங்கே ‘நில்’, ‘ஃபால்ஸ்’ இரண்டு மட்டுமே பொய். பூஜ்யமும் வெற்றுச் சரமும் (எழுத்தே இல்லாத உரை) மெய். கையிருப்பு பூஜ்யம் என்றாலும் ‘இஃப் கையிருப்பு’ (கையிருப்பு இருந்தால்) என்ற நிபந்தனை நிறைவேறிவிடும்.

பொது மாறிகளும் ஒரு டேபிளில்தான் கிடக்கின்றன. அந்த டேபிளுக்கு ஒரு மெட்டாடேபிளை (டேபிள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் இன்னொரு டேபிள்) மாட்டி, அறிவிக்காத பெயரை யாராவது எழுதினாலோ படித்தாலோ பிழை காட்டச் செய்யலாம். பத்துப் பதினைந்து வரி வேலை. எழுத்துப் பிழையுள்ள பெயர்களும் சிக்கும், இல்லையென்றால் அவை ஓசையின்றி ‘நில்’ தந்துவிட்டுப் போகும். லுவாசெக் என்ற கருவியோ நிரலை ஓட்டாமலேயே இவற்றைக் காட்டிக்கொடுக்கும். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு, அதன் எச்சரிக்கை மிச்சமிருக்கும் கோப்பை நாங்கள் எங்கள் நிரல் களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை.