பெயர்ப்பலகையை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

ஓவிய மாணவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பில் எப்போதும் ஒரே படம்தான். 1801-இல் பிரான்சில் வரைந்த, ஷார்லோத் து வால் தோன் என்ற பிரபு குடும்பத்து இளம்பெண்ணின் உருவப்படம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் வரைந்தது என்று மட்டும் சொல்லமாட்டேன். பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள் என்பேன்.

வெள்ளை மஸ்லின் உடை. மடியில் படம் வரையும் அட்டை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலிலிருந்து. அப்படியென்றால் முகம் கருத்துப்போக வேண்டும். ஆனால் நிழலிலும் முகம் தெளிவாகவே இருக்கிறது; அட்டையும் வெள்ளை உடையும் வாங்கிய ஒளியைத் திருப்பி மேலே அனுப்புகின்றன. எதிர்வெளிச்சத்தில் ஒரு முகத்தை வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் புரியும். கூரான விளிம்பு, தூரிகைத் தடம் தெரியாத வழவழப்பு, அலங்காரம் இல்லாத அறை எல்லாம் பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நியோகிளாசிக்கல் பாணிதான். ஜன்னலில் உடைந்த கண்ணாடியும், வெளியே தூரத்தில் நிற்கும் ஜோடியும்தான் அந்த அமைதியைக் கலைக்கின்றன.

சரி, யார் வரைந்தது? 1917-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அந்தக் காலத்துப் பிரான்சின் புகழ்பெற்ற ஓவியர் ஜாக் லூயி தாவீத் என்றார்கள். அந்தப் பெயருக்காகவே கொண்டாடினார்கள். 1951-இல் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். 1801 பாரிஸ் சலோன் கண்காட்சியைக் காட்டும் அச்சுப்படத்தில் இந்த ஓவியம் தெரிகிறது. அந்த ஆண்டு தாவீத் அங்கே படம் வைக்கவே இல்லை. இது நல்ல ஆதாரம். அப்புறம் கான்ஸ்டன்ஸ் ஷார்பாந்தியே என்ற பெண் ஓவியர் வரைந்திருக்கலாம் என்ற ஸ்டெர்லிங், படத்தில் சாமர்த்தியமாக மறைத்த பலவீனங்கள் இருப்பதாகவும் அதில் பெண் மனம் தெரிவதாகவும் எழுதினார். இது ஆதாரமே இல்லை. படத்தில் ஒரு கோடுகூட மாறாதபோது, பலவீனம் மட்டும் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

1990-களிலிருந்து மரீ தெனீஸ் வில்லேர் என்ற பெண் ஓவியர் வரைந்தது என்று ஏற்கிறார்கள். ஒரு படத்தைக் காட்டி "இது பெண் கை" என்றோ "பெரிய ஆள் கை" என்றோ யாராவது சொன்னால், எந்தக் கண்காட்சிப் பட்டியலில் இருக்கிறது, எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பெயரைச் சொன்ன பிறகு மாணவர்கள் மறுபடி பார்ப்பார்கள். அப்போதுதான் யாராவது கேட்பார்கள்: "நேராகப் பார்க்கிறாளே, யாரை வரைகிறாள்?" பதினைந்து வயதுப் பெண் அவள். அவளுக்கு எதிரே அப்போது உட்கார்ந்திருந்தவர் வில்லேர்தான்.